மொட்டை மாடி கரண்டுக்கு என்ன விலை?

குழந்தைகளே! இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் வீட்டில் கரண்ட் பில் கட்டுவார்கள். பில் கொஞ்சம் கூடிவிட்டால், "யாருமே இல்லாத அறையில் ஏன் பேன் ஓடுகிறது?" என்று முதல் திட்டு உங்களுக்குத்தான் விழும். சரிதானே!

நாம் மின் வாரியத்துக்குப் பணம் கட்டுவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாம் மின் வாரியத்துக்குக் கரண்ட் கொடுக்க முடியுமா? கொடுத்தால் அதற்குக் கணக்கு உண்டா? காசு கிடைக்குமா?

முடியும். கணக்கும் உண்டு. மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்திய வீடுகள் நம் ஊரிலும் வெளிநாடுகளிலும் இதைத்தான் செய்து வருகின்றன. ஆனால், 'அந்தக் கரண்டுக்கு என்ன விலை?' என்று கேட்டால் மட்டும் ஊருக்கு ஊர் ஒரு பதில் வரும். ஒரே ஊரிலேயே சில ஆண்டுகளில் பதில் மாறிவிடும். வெயில் அதேதான், தகடு அதேதான். விலை மட்டும் ஏன் மாறுகிறது?

அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள். எல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல்தான். பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு யூனிட்!

அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். பாலை லிட்டரில் அளக்கிறோம். கரண்டை யூனிட்டில் அளக்கிறோம். 1000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் 1 யூனிட் செலவாகும். 10 வாட் எல்.இ.டி. பல்பு என்றால், அதே 1 யூனிட்டில் 100 மணி நேரம் எரியும்.

சோலார் தகடுகளைக் கிலோவாட் கணக்கில் சொல்வார்கள். தமிழகத்து வெயிலில் 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழை நாளில் குறையும்; நல்ல வெயிலில் கூடும். அப்படியானால் 3 கிலோவாட் தகடு ஒரு நாளைக்கு எவ்வளவு தரும்? 12 யூனிட். சரியாகச் சொன்னீர்கள்!

மாடியிலிருந்து தெருவுக்கு

தகட்டில் வெயில் பட்டால் உண்டாவது நேர்த்திசை மின்னோட்டம். டார்ச் லைட்டில் போடுகிறோமே பேட்டரி, அது தருவதும் இதே வகைதான். ஆனால் நம் வீட்டு மிக்சியும் பிரிட்ஜும் ஓடுவது மாறுதிசை மின்னோட்டத்தில். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிக்குப் பெயர் இன்வெர்ட்டர். தெருக் கம்பியில் வரும் கரண்ட் 230 வோல்ட். வினாடிக்கு 50 முறை அலை போல ஏறி இறங்கும். சோலார் இன்வெர்ட்டர் அந்த அலையைக் கவனித்து, அதே தாளத்தில் தன் கரண்டையும் அனுப்பும். கோலாட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கோல் தட்டுவது போல!

பகல் 12 மணி. மாடியில் தகதகவென்று வெயில். நீங்கள் பள்ளியில். அம்மா, அப்பா வேலையில். வீட்டில் பிரிட்ஜ் மட்டும் ஓடுகிறது. தகடு தரும் கரண்டில் சிறு பங்குதான் அதற்கு வேண்டும். மீதி என்ன ஆகும்?

மீதி, மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய்விடும். அங்கிருந்து ரொம்ப தூரமெல்லாம் போகாது. பக்கத்தில் யாருக்குத் தேவையோ அவர் வீட்டுக்குள் நுழைந்துவிடும். எதிர் வீட்டுப் பாட்டியின் பேனும், தெரு முனை டீக்கடையின் பல்பும் உங்கள் மாடிக் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கே அது தெரியாது!

இரண்டு பக்கமும் எண்ணும் மீட்டர்

சரி, எவ்வளவு போனது என்று யார் எண்ணுவது?

பழைய மீட்டர்களில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு சுற்றும். பார்த்திருக்கிறீர்களா? கரண்ட் வீட்டுக்குள் வந்தால் அது ஒரு பக்கம் சுற்றும். வீட்டிலிருந்து வெளியே போனால்? எதிர்ப்பக்கம் சுற்றும்! அதாவது, ஏறிய எண்கள் இறங்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1979ம் ஆண்டு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு சோதனை வீட்டிலும் சோலார் பொருத்தியபோது இப்படித்தான் கணக்கு வைத்தார்கள். பிறகு, 1983ம் ஆண்டு அங்கே மின்னசோட்டா மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கியது.

இப்போது வரும் மீட்டர்கள் பின்னால் சுற்றுவதில்லை. அவை இரண்டு எண்களைத் தனித்தனியே காட்டும். ஒன்று, தெருவிலிருந்து நாம் வாங்கிய யூனிட். மற்றொன்று, தெருவுக்கு நாம் கொடுத்த யூனிட். வீட்டுக்குள்ளேயே செலவான சோலார் கரண்ட் இந்த இரண்டிலும் சேராது. நினைவிருக்கட்டும், கணக்குப் போடும்போது இது முக்கியம்.

சர்க்கரை, பால், தக்காளி!

வாங்கியதும் தெரியும், கொடுத்ததும் தெரியும். இனி விலை. உலகில் பல விதிகள் இருந்தாலும், அவற்றை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகை, சர்க்கரைக் கைமாற்று. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குகிறோம். நாலு நாள் கழித்து ஒரு டம்ளர் சர்க்கரையே திருப்பிக் கொடுக்கிறோம். காசு பேச்சே இல்லை. அது போல, பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் வாங்கிய யூனிட்டில் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் பில். இதற்கு 'நிகர அளவீடு' என்று பெயர். பேச்சு வழக்கில் 'நெட் மீட்டரிங்'. கொடுத்தது அதிகமாக இருந்தால் அடுத்த பில்லுக்கு வரவு வைப்பார்கள். ஆண்டு முடிவில் மிச்சமானால் என்ன செய்வது என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு.

இரண்டாம் வகை, பால் சங்கம். மாடு வைத்திருப்பவர் கறந்த பாலையெல்லாம் சங்கத்தில் ஊற்றிவிடுகிறார். லிட்டருக்கு இவ்வளவு என்று விலை. அது போல, தகடு தரும் கரண்ட் முழுவதும் கம்பிக்குப் போய்விடும்; அதற்கு ஒரு நிலையான விலை. வீட்டுக்கு வேண்டிய கரண்டைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, தக்காளி. தோட்டத்தில் தக்காளி விளைகிறது. வீட்டுச் சமையலுக்குப் போக மீதியை மண்டியில் போடுகிறோம். மண்டியில் கிலோ 10 ரூபாய். தோட்டத்தில் காய் இல்லாத நாளில் கடையில் வாங்கினால் கிலோ 30 ரூபாய்! அது போல, நாம் கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை; வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை.

இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு வீட்டில் 3 கிலோவாட் தகடு. இரண்டு மாதம், அதாவது 60 நாளில், 12 × 60 = 720 யூனிட் கிடைக்கிறது. அந்த வீட்டின் மொத்தத் தேவை 900 யூனிட். சோலாரில் 300 யூனிட் பகலிலேயே வீட்டுக்குள் செலவாகிறது. மீதி 420 யூனிட் தெருவுக்குப் போகிறது. இரவிலும் மழை நாளிலும் தெருவிலிருந்து 600 யூனிட் வாங்குகிறார்கள். 300 + 600 = 900. சரி!

வாங்கும் விலை யூனிட்டுக்கு 6 ரூபாய், கொடுக்கும் விலை 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உண்மையான கட்டணம் யூனிட் ஏற ஏறக் கூடும். கணக்கு எளிதாக இருக்க ஒரே விலையாக வைத்திருக்கிறேன்.)

சோலாரே இல்லாவிட்டால் பில்: 900 × 6 = 5400 ரூபாய்.

சர்க்கரைக் கைமாற்று: 600 - 420 = 180 யூனிட். 180 × 6 = 1080 ரூபாய்.

பால் சங்கம்: வரவு 720 × 3 = 2160. செலவு 5400. கட்ட வேண்டியது 3240 ரூபாய்.

தக்காளி: செலவு 600 × 6 = 3600. வரவு 420 × 3 = 1260. கட்ட வேண்டியது 2340 ரூபாய்.

பார்த்தீர்களா? அதே மாடி, அதே வெயில், அதே 720 யூனிட். விதி மாறினால் பில் 1080 ரூபாயிலிருந்து 3240 ரூபாய் வரை மாறுகிறது! பணம் கொடுத்துத் தகடு வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா? இதனால்தான் இந்த விதிகளைப் பற்றிப் பெரியவர்கள் இவ்வளவு விவாதம் செய்கிறார்கள்.

ஜெர்மனி தந்த விலை

பால் சங்கம் முறையில் விலை குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கம் நினைத்தால் நல்ல விலையும் தரலாம். ஜெர்மனி அப்படித்தான் செய்தது.

ஜெர்மனியில் நம் ஊர் அளவுக்கு வெயிலே கிடையாது. ஆனாலும், 2000ம் ஆண்டு ஏப்ரல் 1ம் தேதி அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் வீட்டுச் சோலாராக இருந்தாலும் மின் நிறுவனம் அந்தக் கரண்டை வாங்கியே தீர வேண்டும். விலை, அந்த நாட்டின் அப்போதைய பணத்தில் யூனிட்டுக்கு 99 பெனிக். (100 பெனிக் சேர்ந்தால் 1 மார்க்.) 20 ஆண்டுகளுக்கு இந்த விலை குறையாது! கடையில் வாங்கும் கரண்டைவிடப் பல மடங்கு கூடுதல் விலை இது.

ஏன் இவ்வளவு தாராளம்? அப்போது சோலார் தகடு மிகவும் விலை கூடிய பொருள். வாங்குவோர் குறைவு. அதனால் தயாரிப்பவர்களும் குறைவு. அதனால் விலை கூடுதல். இந்தச் சிக்கலை அவிழ்க்க யாராவது முதலில் வாங்கியாக வேண்டும். 20 ஆண்டு வருமானம் உறுதி என்றதும் ஜெர்மனி மக்கள் துணிந்து வாங்கினார்கள். தொழிற்சாலைகள் பெருகின. தகட்டின் விலை இறங்கியது. தகடு மலிவாக மலிவாக, புதிதாகச் சேருவோருக்குத் தரும் விலையையும் அந்த நாடு படிப்படியாகக் குறைத்தது. 2025ம் ஆண்டு அங்கே புதிதாகத் தகடு பொருத்தி, வீட்டுத் தேவை போக மீதியைக் கொடுத்த வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்குக் கிடைத்தது சுமார் 8 யூரோ சென்ட்தான். 99 பெனிக் என்பது இன்றைய கணக்கில் சுமார் 50 சென்ட். எவ்வளவு இறங்கிவிட்டது பாருங்கள்!

பிரிட்டன் தக்காளி வழிக்கு மாறியது. அங்கே 2010 முதல் நிலையான விலை தந்தார்கள். 2019 மார்ச்சுடன் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல் புது விதி: பெரிய மின் விற்பனை நிறுவனங்கள், வீட்டார் அனுப்பும் கரண்டுக்கு விலை தந்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த விலை பூஜ்யத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்! அதனால் அங்கே வீட்டுக்காரர்கள், எந்த நிறுவனம் நல்ல விலை தருகிறது என்று விசாரித்துப் பார்த்து விற்கிறார்கள்.

நம் தமிழகத்தில் 2013ம் ஆண்டு கைமாற்று முறை வந்தது. 2019ல் அதை மாற்றி, கொடுக்கும் யூனிட்டுக்குத் தனி விலை வைத்தார்கள்; தக்காளி முறை. 2021ல் வீடுகளுக்கு மீண்டும் கைமாற்று முறையே வந்தது. எட்டே ஆண்டுகளில் ஒரு சுற்று!

மல்லிகைப் பூவும் மின்சாரமும்

விலை ஏன் இப்படி ஆடுகிறது? இதற்குப் பதில் பூ மார்க்கெட்டில் இருக்கிறது.

முகூர்த்த நாளில் மல்லிகை விலை விண்ணைத் தொடும். அடுத்த நாளே வரத்து கூடி, வாங்க ஆள் இல்லை என்றால் விலை சரிந்துவிடும். பூவைச் சேர்த்து வைத்து அடுத்த வாரம் விற்க முடியுமா? வாடிவிடும்.

மின்சாரம் பூவைவிட மோசம்! பூவாவது ஒரு நாள் தாங்கும். கம்பியில் ஓடும் கரண்டை அந்த நொடியிலேயே யாராவது பயன்படுத்தியாக வேண்டும். உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். பெரிய பேட்டரிகளில் சேமிக்கலாம். ஆனால் அதற்குச் செலவு உண்டு.

மதியம் 1 மணிக்கு எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் கரண்ட் விளைகிறது. இரவு 8 மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பேன், லைட், டிவி, ஏ.சி. ஓடுகிறது. அப்போது ஒரு மாடியிலும் ஒரு யூனிட்கூட விளையாது. ஆக, மதிய யூனிட் வரத்து மிகுந்த நாள் மல்லிகை. இரவு யூனிட் முகூர்த்த நாள் மல்லிகை!

இதற்கு நம் பக்கத்து நாடான இலங்கையில் நடந்த கதையைக் கேளுங்கள். 2016ம் ஆண்டு அங்கே மாடி சோலாரை வளர்க்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் ஒரு பிரிவில், வீட்டார் கொடுக்கும் மிச்சக் கரண்டுக்கு முதல் 7 ஆண்டுகள் யூனிட்டுக்கு 22 ரூபாய், அடுத்த 13 ஆண்டுகள் 15 ரூபாய் 50 காசு என்று விலை வைத்தார்கள் (இலங்கை ரூபாயில்). மக்கள் ஆர்வமாகச் சேர்ந்தார்கள். மாடிகள் நிறையத் தகடுகள்.

2025 பிப்ரவரி 9ம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் மூடியிருந்ததால் கரண்ட் தேவை குறைவு. வெயிலோ நன்றாக அடித்தது. அன்று பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் கோளாறு ஏற்பட்டது என்று அந்த நாட்டு எரிசக்தி அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் இருட்டு! ஒரு குரங்கால் ஒரு நாடே இருளுமா? சாதாரண நாளில், பெரிய மின் நிலையங்களில் சுழலும் கனமான இயந்திரங்கள் இப்படிப்பட்ட அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். அன்று சோலார் பங்கு அதிகம். சுழலும் இயந்திரங்கள் குறைவு. அதனால் தாங்கும் சக்தியும் குறைந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தது. இலங்கையில் அது நீண்ட விடுமுறைக் காலம். தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் விடுமுறை. வெயிலுக்கு மட்டும் விடுமுறை இல்லையே! அதனால் இலங்கை மின்சார சபை மாடி சோலார் வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: 'விடுமுறை நாட்களில் மாலை 3 மணி வரை உங்கள் சோலாரை அணைத்து வையுங்கள்!' கரண்ட் கொடுங்கள் என்று கேட்ட காலம் போய், இப்போது வேண்டாம் என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

ஜெர்மனியிலும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டப்படி, சந்தையில் கரண்ட் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும் நேரங்களில் புதிய சோலார் வீடுகளுக்குப் பணம் கிடையாது.

இப்போது நம் கணக்குக்கு வாருங்கள். அந்த 900 யூனிட் வீட்டில், இரவில் போட்ட வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், இஸ்திரி எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றுகிறார்கள். 100 யூனிட் பகலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் செலவான சோலார் 400. கொடுத்தது 320. வாங்கியது 500.

தக்காளி முறையில்: 500 × 6 = 3000. 320 × 3 = 960. கட்டுவது 2040 ரூபாய். முன்பைவிட 300 ரூபாய் மிச்சம்!

கைமாற்று முறையில்: 500 - 320 = 180 யூனிட். அதே 1080 ரூபாய். ஒரு பைசாகூட மாறவில்லை!

விஷயம் புரிகிறதா? கைமாற்று முறை எளிது, வீட்டாருக்கு லாபம். ஆனால் அது மதிய யூனிட்டையும் இரவு யூனிட்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. தக்காளி முறை வீட்டாருக்குக் கொஞ்சம் கசக்கும். ஆனால் 'வெயில் இருக்கும்போதே செலவு செய்' என்று சொல்லித் தருகிறது. நல்ல விதி எது என்பதில் நாடுகள் தடுமாறுவது இதனால்தான்.

கம்பிக்கு யார் காசு?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இது நியாயம் பற்றிய கேள்வி.

மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், கம்பி, மழையிலும் ஏறிச் சரி செய்யும் லைன்மேன்... இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கட்டும் பில்லிலிருந்துதான். பெரிய வீட்டுக்காரர் சோலார் போட்டு, கைமாற்று முறையில் பில்லைப் பூஜ்யம் ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் அவரும் அதே கம்பியைத்தான் பயன்படுத்துகிறார். அவர் பங்கை யார் கட்டுவது? மாடியே இல்லாத, வாடகை வீட்டில் இருக்கும் குடும்பமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. 2023 ஏப்ரல் 15க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, கொடுக்கும் யூனிட்டின் மதிப்பை முன்பு இருந்ததில் சுமார் கால் பங்காகக் குறைத்துவிட்டார்கள்.

சோலார் வீட்டாருக்கும் ஒரு நியாயம் உண்டு. 'என் பணத்தைப் போட்டு, என் மாடியில் விளைந்த கரண்ட் இது. புகை இல்லை, நிலக்கரி இல்லை. பல நூறு கிலோமீட்டர் கம்பியில் வந்து வீணாகாமல் பக்கத்து வீட்டுக்கே போகிறது. இதற்கு மதிப்பு இல்லையா?' என்பது அவர்கள் கேள்வி. அதுவும் சரிதானே?

மாடி இல்லாதவர்களுக்கு ஒரு வழியும் யோசித்திருக்கிறார்கள். பலர் சேர்ந்து வேறோர் இடத்தில் ஒரு சோலார் நிலையம் அமைத்து, அதில் விளையும் யூனிட்டைத் தங்கள் தங்கள் பில்லில் பங்கு போட்டுக் கழித்துக்கொள்ளலாம். டில்லியில் 2019ம் ஆண்டு இதற்கு விதிமுறை கொண்டுவந்தார்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

ஒரு புதிர். தெருவில் கரண்ட் போய்விட்டது. நடுப்பகல். மாடியில் தகடு, நல்ல வெயில். அந்த வீட்டில் பேன் ஓடுமா?

'ஓடும்' என்றுதான் பலரும் சொல்வார்கள். ஓடாது! பேட்டரி இல்லாமல், தெருக் கம்பியோடு இணைத்த சோலார் என்றால், தெருவில் கரண்ட் போன உடனே இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

காரணம், லைன்மேன். கரண்ட் இல்லை என்று நம்பி அவர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் கம்பிக்குப் போனால்? நினைக்கவே பயமாக இருக்கிறது அல்லவா! ஓர் உயிரைக் காப்பதற்காகத்தான் அந்த இன்வெர்ட்டர் வாயை மூடிக்கொள்கிறது.

நம் வீட்டுக்கு வேண்டுமா?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு மாடி சோலாருக்காக ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள்.

உடனே, "நம் வீட்டிலும் போடலாம்பா!" என்று அப்பாவை நச்சரிக்காதீர்கள். முதலில் பில்லைப் பாருங்கள். தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்குள்ளேயே சிக்கனமாக இருக்கும் வீட்டுக்குச் சோலாரால் மிச்சமாக என்ன இருக்கிறது? யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால், நிறையச் செலவழிக்கும் வீட்டுக்குத்தான் லாபம் அதிகம்.

அடுத்து, மாடியைப் பாருங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, தென்னை மர நிழலோ விழக் கூடாது. தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் விளைச்சல் குறையும். அவ்வப்போது துடைக்க வேண்டும். கடைசியாக, விதியைக் கேளுங்கள். 'கொடுக்கும் யூனிட்டுக்கு இங்கே சர்க்கரைக் கணக்கா, பால் கணக்கா, தக்காளிக் கணக்கா?' இந்த ஒரு கேள்வியைக் கேட்டால், சோலார் விற்க வருபவர் உங்களைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்!

தெரிந்துகொள்ளுங்கள்!

* சிலிக்கானால் செய்த முதல் பயனுள்ள சோலார் செல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954ம் ஆண்டு உலகுக்குக் காட்டியது.

* ஆஸ்திரேலியாவில் சுமார் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டின் கூரையில் சோலார் தகடு இருக்கிறது.

* மேகமூட்டமாக இருந்தாலும் தகடு முழுவதுமாக நின்றுவிடாது. குறைவாகத் தரும், அவ்வளவுதான்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் சோலார் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, காலை 6 மணி, மாலை 6 மணி. ஒரு வாரம், இரண்டு வேளையும் மீட்டரில் தெரியும் யூனிட் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். கண்ணால் பார்த்தால் போதும். மீட்டரைத் தொடக் கூடாது. உயரத்தில் இருந்தால் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

காலை எண்ணை மாலை எண்ணிலிருந்து கழித்தால் பகல் செலவு. மாலை எண்ணை மறுநாள் காலை எண்ணிலிருந்து கழித்தால் இரவுச் செலவு. எது அதிகம்? இரவுச் செலவில் எதையெல்லாம் பகலுக்கு மாற்றலாம்? வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

சோலார் உள்ள வீடு என்றால், கொடுத்த யூனிட்டையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் அந்த எண் ஒரே மாதிரி இருக்கிறதா, இல்லையா? ஏன்? விடையை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் பொறுமையாக எழுதினால் போதும், உங்கள் வீட்டுக் கரண்ட் கணக்கு உங்களுக்கே அத்துப்படி ஆகிவிடும். அப்புறம் யாருமில்லாத அறையில் பேன் ஓடினால், திட்டுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்!